ஆமையோடு ஆடிய அக்கா

என் அக்காவுக்கும் பொறுமைக்கும் ஏழாம் பொருத்தம். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்க மாட்டாள். லிஃப்ட் வரத் தாமதமானால் பாதி மாடி ஏறிவிட்டு, லிஃப்ட் வந்த சத்தம் கேட்டதும் தடதடவென்று இறங்கி வருவாள். மாத்திரைக் கம்பெனியில் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் மாத்திரை அட்டைகளில் உடைந்தது எது, காலியானது எது என்று பார்த்து எடுத்துப்போட வேண்டும். பெல்ட் ஓடிக்கொண்டே இருப்பதால்தான் அந்த வேலையிலாவது நிலைத்தாள் என்பது என் கணிப்பு.

மற்றதெல்லாம் பாதி. தையல் வகுப்பு பாதி, கார் ஓட்டப் பழகியது பாதி, அஞ்சல்வழிப் படிப்பு முதல் வருடத்தோடு சரி. கல்யாணத்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பவர்கள் சொந்தத்தில் உண்டு. நான் சேர்ப்பதில்லை. அந்த ஆளோடு காலம் முழுக்கக் குப்பை கொட்டியிருந்தால்தான் தப்பு.

இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்தது, இணையத்தில் தபால் முறையில் நடக்கும் செஸ் போட்டியில். ஒவ்வொரு காய் நகர்த்தவும் மூன்று நாள்வரை எடுத்துக்கொள்ளலாம்.

"உனக்கெதுக்குடி இந்த வேண்டாத வேலை?" என்றாள் அம்மா.

"இதையாவது முடிக்கிறேனான்னு பாக்கணும்மா."

விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. அவள் முகம் அப்படி இல்லை.

அவளுடைய பிரிவில் மற்ற ஆட்டங்களை மளமளவென்று ஜெயித்துவிட்டாள். மிச்சம் ஒரே ஒருவர். அக்கா அவருக்கு வைத்த பெயர் ஆமை. கொடுத்த அவகாசம் முடியப்போகும் கடைசி நேரத்தில்தான் மனுஷன் காயைத் தொடுவார். அதுவரை இவள் குளியலறைக்குக்கூட போனைக் கையோடு கொண்டுபோவாள். அவரோடு டிரா செய்தாலே போதும், பிரிவில் முதலிடம், அடுத்த சுற்று.

அந்தத் தளத்தில் ஒரு வசதி உண்டு. 'அவர் இதை ஆடினால் என் பதில் இது' என்று முன்கூட்டியே போட்டு வைக்கலாம். அவர் ஆடிய நொடியில் நம் பதில் தானாகப் போய்விடும். ஒரு நாள் காலையில் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில், ஆமையின் பிஷப் தன் குதிரையை வெட்டினால் தன் சிப்பாய் அந்த பிஷப்பை வெட்ட வேண்டும் என்று போட்டுவிட்டுப் போனாள்.

பெல்ட் முன்னால் நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சிப்பாய் நகர்ந்துவிட்டால் ராணிக்கு முன்னால் மறைப்பே இல்லை. போனோ வாசல் லாக்கரில். உள்ளே கொண்டுவரக் கூடாது.

"சார், அஞ்சே நிமிஷம் வெளிய போய்ட்டு வரேன்."

"வீட்ல யாருக்காவது முடியலையா?" என்றார் சூப்பர்வைசர்.

"இல்ல சார். ஒரு செஸ் ஆட்டம்..."

"பெல்ட்ட நிறுத்திட்டு நானும் வந்து பக்கத்துல உக்காந்துக்கவா? டீ பிரேக்ல போம்மா."

அதுவரை கால் தரையில் பாவாமல் நின்றிருக்கிறாள். இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய் லாக்கரைத் திறந்தால், ஆமை குதிரையை வெட்டியிருந்தார். அவள் பதிலும் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அதைத் திரும்ப வாங்க வழி கிடையாது.

வீட்டுக்கு வந்து அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. "தோல்வின்னு ஒரு பட்டன் இருக்குல்ல, அமுக்கித் தொலைக்கா. நிம்மதியாத் தூங்கலாம்."

"போடா," என்றாள்.

கண்ணெதிரே அநாதையாக நிற்கும் ராணியை வெட்டுவதற்கும் ஆமை மூன்று நாளை முழுசாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நகர்வுக்கும் அதே கூத்து. தோற்றுப்போன ஆட்டம் மாதக்கணக்கில் இழுத்தது. அக்கா கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். சுத்தமாக இருந்த ஃபேனைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். டம்ளரை வைத்த சத்தத்துக்கெல்லாம் என்மேல் எரிந்து விழுந்தாள். அவள் பெருவிரல் அந்தப் பட்டன்வரை போய்த் திரும்புவதை எத்தனையோ தடவை பார்த்தேன். அமுக்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது செக்மேட் வந்தது. கையைத் துடைத்துவிட்டு ஆமைக்கு நன்றி என்று ஒரு வரி அனுப்பினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் உடனே பதில் போட்டார். நானும் எட்டிப் பார்த்துப் படித்தேன்.

"ராணி போன அன்னைக்கே விட்டுட்டுப் போயிடுவீங்கன்னு நெனச்சேன். நான் லேட் பண்றதே அதுக்குத்தான். முக்கால்வாசிப் பேர் காத்திருக்க முடியாம அவங்களே போயிடுவாங்க. உங்களத்தான் கடைசி வரைக்கும் ஆடி ஜெயிக்க வேண்டியதாப் போச்சு."

"என்ன மனுஷன்க்கா இவன்!" எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

அக்கா அதை அம்மாவுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள்.

"எப்படியோ, ஜெயிச்சது அவன்தானே?" என்றாள் அம்மா.

"அவன்தாம்மா. ஆனா என்னைத் துரத்த முடியலல்ல?"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. அக்கா பாதியில் விட்ட வெங்காயத்தை எடுத்து நறுக்கி முடித்தாள்.