பகைவனின் தறிக்குழியில் என் பூனை

மருதமுனையில் நான் தறி நெய்துவந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், எங்கள் பூனை நூற்கழிவுக் கூடைக்குள் மூன்று குட்டிகளை ஈன்றது. ஆசை மிகுதியால் அவற்றை நாளுக்குப் பத்துமுறை கையில் எடுத்துப் பார்ப்பேன். நான்காம் நாள் கூடை வெறுமையாகக் கிடந்தது.

வேலித் தகராறில் என்னோடு பகைத்திருந்த பக்கத்து வீட்டு நெசவாளிதான் குட்டிகளைக் கடலில் எறிந்துவிட்டான் என்று முடிவு செய்தேன். மனைவி ஒப்பவில்லை.

“நீங்க ஓயாமத் தூக்கினா அது குட்டியள இஞ்ச வெச்சிரிக்குமா? கவ்விக்கிட்டுப் போயிரிக்கும்.”

“நீ அவனுக்கு வக்காலத்து வாங்கிறியா?”

“பூனைக்கு இரிக்கிற விளக்கமும் உங்களுக்கு இல்லியே” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

அவன் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குச் சென்ற வேளையில், என் தொழுகையை விட்டுவிட்டு, கத்தரிக்கோலுடன் அவனுடைய தறிக்கொட்டிலுக்குள் நுழைந்தேன். பெருநாளுக்கு விற்க, இடுப்பில் உடுத்தும் சாரன்களுக்கான நெடுக்கு நூலாகிய பாவு தறியில் ஏறியிருந்தது. அதை அறுத்தால் அவ்வீட்டில் பெருநாள் இல்லை.

கால் வைக்கும் குழிக்குள்ளிருந்து எங்கள் பூனை சீறியது. மூன்று குட்டிகளும் அதன் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. அடியில் பழைய சாரன் விரித்திருந்தது. குட்டிகள் நசுங்காதிருக்க, மிதிபலகைகளை அவன் மேலே தூக்கிக் கட்டியிருந்தான்.

என் கைகளுக்கு அஞ்சியே அது குட்டிகளோடு குடிபெயர்ந்தது என்பதும், அவன் குற்றமற்றவன் என்பதும் அக்கணமே விளங்கின. விளங்கியது என்னை மேலும் எரித்தது. என் பூனையுமா அவனிடம் அடைக்கலம் தேட வேண்டும்?

ரப்பே, என் இறைவா, அறிந்தே செய்தேன். பாவு முழுவதையும் அறுத்தபின்தான் வெளியே வந்தேன்.