சனிக்கிழமைகளை எங்கே எழுதுவது

தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதி நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைத்த ஓடுகள் பதித்திருப்பார்கள். பார்வையில்லாதவர்கள் காலாலும் கோலாலும் தடவி நடப்பதற்கு. ஒரு மதியம் யாரோ அவற்றின் மேல் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எதிரே வந்த அம்மாளின் வெள்ளைக் கோல் அதில் முட்டி நின்றது. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“என்னை ஏன் பிள்ளை இழுக்கிற? மோட்டாரை நகர்த்து,” என்றார்.

முக்கி முனகி நகர்த்தினேன். அவர் போகாமல் நின்றார்.

“தமிழ் வாசிப்பியா?”

“தமிழ்ப் பள்ளியிலதான் படிச்சேன் ஆன்டி.”

“அதைக் கேட்கலையே. தடுமாறாம வாசிப்பியா?”

அப்படித்தான் தொடங்கியது. நான் அப்போது எங்கள் ஊரான கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு டியூஷன் வந்துகொண்டிருந்தேன். ஆன்டி அரசாங்க அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருமணமாகவில்லை. டியூஷன் வகுப்புக்குப் பின்தெருவில், பழைய அடுக்குமாடி ஒன்றில் தனியாக இருந்தார். வீடு நிறையப் புத்தகம். அவருடைய அப்பா சேர்த்தவை. போனில் வாசித்துக் காட்டும் குரல் வந்துவிட்டது என்றாலும், காகிதம் பழுத்த அந்தப் புத்தகங்கள் அதற்குப் பிடிபடவில்லை. பிடிபட்ட இடங்களிலும், “போலீஸ்காரன் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி படிக்குது,” என்பார்.

செவ்வாயும் வியாழனும் வகுப்பு முடிந்ததும் போய் வாசிப்பேன். மாதக் கடைசியில் பென்ஷன் பணத்திலிருந்து ஓர் உறையில் வைத்துக் கொடுப்பார். முதல் முறை நான் வாங்க மறுத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “உன் தொண்டை நோகுதா இல்லையா? அப்ப அது வேலைதான். பிடி.”

சனிக்கிழமை எப்படி வந்தது என்பது எனக்குத் தெளிவாக நினைவில்லை. ஒரு வியாழன் நல்ல மழை, வாசித்த கதையும் பாதியில் நின்றது. நாளை மறுநாள் வகுப்பு இல்லாமலே வந்து முடித்துக் கொடுக்கிறேன் என்றேன். வந்தேன். கதை முடிந்தது, தோசை சுட்டார், சாப்பிட்டோம். அடுத்த சனியும் போனேன். புத்தகத்தை எடுக்கவேயில்லை. பிறகு சனிக்கிழமைகளில் இருவரும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போக ஆரம்பித்தோம். ஜன்னலுக்கு வெளியே என்ன போகிறது என்று நான் சொல்லிக்கொண்டே வரவேண்டும். கிள்ளானில் சேலைக் கடைகளில் ஏறி, பட்டைத் தொட்டுத் தொட்டு விலையை ஊகிப்பார். கடைக்காரர் சொன்ன விலை கூடுதலாக இருந்தால் என் விலாவில் முழங்கையால் இடிப்பார். எதையும் வாங்க மாட்டோம். ஆற்றுப் பாலத்தில் நின்று, கீழே தண்ணீர் சத்தம் கேட்கிறதா என்று இருவரும் காது கொடுப்போம். லாரிகளின் சத்தம்தான் கேட்கும். அந்த நாட்களுக்கு உறை கிடையாது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பம் வந்தபோதுதான் பேச வேண்டியதாயிற்று.

பாடத்துக்கு வெளியே என்னென்ன செய்தீர்கள் என்று அதில் ஒரு பகுதி. ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு வகையில் சேர்க்க வேண்டும்: சம்பள வேலை, சமூக சேவை என்று வரிசையாக இருந்தது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும் போட வேண்டும். டியூஷன் மையத்தில் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொடுத்த சார் யோசிக்கவேயில்லை.

“சேவைன்னு போடுலா. மூணு நாளையும் சேர்த்துப் போடு. கண்ணு தெரியாதவங்களுக்கு வாசிச்சேன்னா, படிக்கிறவன் உருகிடுவான்.”

“ரெண்டு நாளைக்குக் காசு வாங்கினேனே சார்.”

“அது பெரிய காசா? பஸ் செலவுன்னு வச்சுக்க. யார் வந்து கேட்கப் போறா?”

யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் விரல் அந்த வகையைத் தொடவில்லை. வியாழக்கிழமை வாசித்து முடித்ததும் ஆன்டியிடமே கேட்டேன். சார் சொன்னதையும் சொன்னேன்.

அவர் மடியில் இருந்த கையை எடுத்து மேசையில் வைத்தார்.

“சேவையா? அப்ப நான் யாரு, தர்மம் வாங்கினவளா?”

“இல்ல ஆன்டி, நான் அப்படி—”

“இத்தனை வருஷம் வேலை செஞ்சு பென்ஷன் வாங்குறேன் பிள்ளை. அதுல இருந்து உனக்குக் கொடுத்தேன். எனக்கு வேலை செஞ்ச. அப்படியே எழுது.”

“சரி. வேலைன்னே போடுறேன்.”

உடனே அவர் முகம் மாறியது. எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே தெருவில் யாரோ லாட்டரி விற்றுக்கொண்டு போனார்கள்.

“அப்ப சனிக்கிழமையும் வேலையா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நீங்கதான் தோசை கொடுத்தீங்களே,” என்றேன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

“தோசை சம்பளமா?” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

செவ்வாயையும் வியாழனையும் சம்பள வேலையில் போட்டேன். மணி நேரத்தையும் அந்த இரண்டு நாளுக்கு மட்டுமே கணக்கிட்டேன். விளக்கம் எழுதும் சிறிய இடத்தில், “இவரை மற்ற நாட்களிலும் சந்திக்கிறேன். அது இந்தக் கணக்கில் சேராது” என்று எழுதினேன். சார் தலையில் அடித்துக்கொண்டார். “நல்லா இருந்ததை நீயே கெடுத்துக்கிட்ட,” என்றார்.

அது கெடுத்ததா கொடுத்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. இணையம் வழியாக நடந்த நேர்காணலில் ஒரு பெண்மணி அந்த வரியைப் பற்றிக் கேட்டார். மற்ற நாட்களில் என்ன செய்வீர்கள்? நான் ரயிலையும் பட்டுச் சேலைகளையும் பாலத்தையும் பற்றிச் சொன்னேன். நேரம் போனதே தெரியவில்லை. வேறொரு பல்கலைக்கழகம் வேண்டாம் என்றது. நேர்காணல் நடத்திய இது இடம் கொடுத்தது, உதவித்தொகையும் ஓரளவு கொடுத்தது. ஆன்டியிடம் சொன்னபோது, “சரி, போ,” என்றார். அந்தச் சனிக்கிழமை ரயிலில் ஜன்னலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்தபடியே வந்தார்.

முதல் விடுமுறைக்கு நான் திரும்பியபோது அவர் நகரத்துக்கு வெளியே செமினியில் தங்கை வீட்டில் இருந்தார். விழுந்து இடுப்பில் அடிபட்டபின் தனியாக விடத் தங்கை குடும்பத்துக்கு மனமில்லை. நல்ல வீடு, நல்ல மனிதர்கள். புதிதாகக் கட்டிய தாமான் குடியிருப்பு. ஆனால் வெளியே மஞ்சள் ஓடுகள் இல்லை. கேட்டைத் தாண்டிப் போக யாராவது கூட வரவேண்டும். புத்தகங்களில் பாதியைத்தான் கொண்டுவர முடிந்ததாம்.

வாசிக்கட்டுமா என்று கேட்டேன்.

“அது கிடக்கட்டும். வர்ற வழியில பிரிக்பீல்ட்ஸ்ல இறங்கினியா? என்ன சத்தம் இருந்துச்சு, சொல்லு.”

இறங்கியிருந்தேன். பூக்கடைக்காரர்கள் கூப்பிடுவதை, கேசட் காலத்துப் பாட்டை இன்னும் போடும் கடையை, சாலை கடக்கும் விளக்கின் டிக் டிக்கை, தலைக்கு மேலே போகும் ரயிலை, ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் முகத்தைச் சற்றுத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். தவறவிட்டதை அவரே எடுத்துக் கொடுத்தார். “கோயில் மணி? வடை போடுற எண்ணெய்ச் சத்தம்?”

இப்போது குளிரான ஊர் ஒன்றில் படித்துக்கொண்டிருக்கிறேன். நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை; சம்பளம் உண்டு, என்ன வகை என்ற குழப்பமில்லை. சனிக்கிழமைகளில் எனக்கு ஓய்வு. இங்கேயும் ஓர் ஆறு ஊருக்கு நடுவே ஓடுகிறது. ரயில் அதைத் தாண்டும்போது என் வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்குகிறது: பாலம் வருது ஆன்டி, தண்ணி பச்சையா இருக்கு, ஒரு படகு. பக்கத்து இருக்கையில் இருப்பவர் நான் போனில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்.