ஸ்டார் விழுந்தது, டெல்டா ஏறவில்லை

ஆயுத பூஜை முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. காஞ்சிபுரத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் விற்கும் ஒரு கடையில் சர்வீஸ் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். தொண்ணூறுகளின் பிற்பாதி. காலையில் கடையைத் திறந்து விளக்கேற்றும்போதே போன் அடித்தது. உத்திரமேரூர் போகும் வழியில் திருப்புலிவனம் அருகே ரைஸ் மில் வைத்திருந்த ஏகாம்பரம் பேசினார்.

"சார், டிரையர் நெறைய வெந்த நெல்லு கீது. புளோயர் ஓடமாட்டேங்குது. சாயங்காலத்துக்குள்ள காத்து போவலன்னா மொத்தமும் நாறிப் பூடும். நீங்க வந்து இன்னான்னு பாத்து சொல்லுங்க. அப்பால இந்தக் கன்னியப்பன வூட்டுக்கு அனுப்பிடறேன்."

கன்னியப்பன் அந்த மில்லின் ஆபரேட்டர். அவரை வீட்டுக்கு அனுப்புவதில் ஒரு சிக்கல் இருந்தது. அவருடைய வீடே மில் வளாகத்துக்குள் முதலாளி கொடுத்த ஓர் அறைதான். வேலை போனால் அதுவும் போகும்.

வைண்டிங்கின் இன்சுலேஷன் பார்க்கும் மெகரையும் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு மழைத் தூறலில் பைக்கைக் கிளப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உற்சாகமாக இருந்தது. அடுத்தவர் மில் நிற்கும்போது உற்சாகப்படுவது நாகரிகமில்லைதான். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். காரணம் தெரியாத ஒரு கோளாறு எங்கோ காத்திருக்கிறது என்றால் வண்டி தானாக வேகம் எடுக்கும்.

மூன்றாவது சத்தம்

மில்லில் எனக்கு முன்பே ஒரு மெக்கானிக் வந்து போயிருந்தார். டைமரை மாற்றியிருந்தார். டெல்டா காண்டாக்டரின் காயிலை மாற்றியிருந்தார். ஏன் அந்த இரண்டை மட்டும் மாற்றினார் என்று விசாரித்தேன். அவர் பையில் அந்த இரண்டுதான் இருந்தனவாம்.

ஏகாம்பரம் என்னை பேனல் அருகே அழைத்துப்போனார். கன்னியப்பன் சற்றுத் தள்ளி, தோளில் துண்டோடு நின்றார். மோட்டார் எரிந்துவிட்டது என்பது முதலாளியின் கட்சி. எரித்தது யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இல்லை.

"இவனுக்கு மிஷின் மேல பக்தியே கெடயாது சார். வருசா வருசம் ஆயுத பூஜைக்குக் கதவு மேல ரெண்டு பொட்டு வெச்சிட்டுப் பூடுவான். இந்த வாட்டி நானே பேனலத் தொறந்து, உள்ள ஒண்ணொண்ணுத்துக்கும் என் கையால பூஜ பண்ணேன். அப்படியும் பாருங்க, இவன் கை பட்டு இந்தக் கதி."

நான் தலையை ஆட்டிவைத்தேன். வாடிக்கையாளர் பக்தியைப் பற்றிப் பேசும்போது குறுக்கிடக்கூடாது என்பது எந்த நடைமுறைப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் கடைப்பிடிக்க வேண்டிய விதி.

குற்றச்சாட்டு மோட்டார் மேல் என்பதால் முதல் விசாரணையும் அதற்குத்தான். மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மெகர் வைத்துச் சுற்றினேன். வைண்டிங் கல்லு மாதிரி இருந்தது. மோட்டாருக்குச் சொந்தமாக எந்தக் குறையும் இல்லை. ஃபியூஸைத் திரும்பப் போட்டு, கன்னியப்பனைப் பச்சைப் பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய மோட்டாரை எடுத்த எடுப்பில் முழு பலத்தில் கிளப்பினால் கரண்டை எக்கச்சக்கமாக இழுக்கும். அதனால் முதலில் ஸ்டார் இணைப்பில் சாதுவாகக் கிளப்பி, வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்றுவோம். கரண்டைச் சேர்க்கவும் துண்டிக்கவும் மெயின், ஸ்டார், டெல்டா என்று மூன்று காண்டாக்டர்கள் (சேர்ந்தால் ஏறியது, விட்டால் விழுந்தது என்போம்), மாற்றத்துக்கு ஒரு டைமர். ஸ்டாரும் டெல்டாவும் ஒன்றாக ஏறினால் ஷார்ட் ஆகி பேனலே வெடிக்கும். ஆகவே ஸ்டாரின் விலாவில் ஆக்ஸிலரி காண்டாக்ட் என்று ஒரு சின்ன உறுப்பு உண்டு. 'ஸ்டார் விழுந்துவிட்டது' என்று அது சாட்சி சொன்னால்தான் டெல்டா காயிலுக்குக் கரண்டு போகும்.

காதுக்கு இது மூன்று சத்தம். ஏறும்போது ஒன்று, ஸ்டார் விழும்போது ஒன்று, டெல்டா ஏறும்போது கனமாக ஒன்று.

முதல் சத்தம் வந்தது. புளோயர் உறுமி வேகம் எடுத்தது. வெகுநேரம் கழித்து இரண்டாவது சத்தம் வந்தது. மூன்றாவது வரவே இல்லை. புளோயர் பெருமூச்சு விட்டு அடங்கியது. பேனலில் ரன் விளக்கு மட்டும் ஒன்றுமே நடக்காதது போல எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு உள்ளங்கை அரித்தது. தேட வேண்டிய இடம் முழு மில்லிலிருந்து ஒரே ஒரு ஒயர் நீளத்துக்குச் சுருங்கிவிட்டது.

டைமர் திருகு

ஆனால் இரண்டாவது சத்தம் ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது? டைமரைப் பார்த்தேன். அதன் திருகு கடைசி எல்லை வரை திருப்பப்பட்டிருந்தது. நான் பார்த்ததை ஏகாம்பரமும் பார்த்துவிட்டார்.

"யாரு திருப்பினது இத?"

கன்னியப்பன் மறைக்கவில்லை. "நான்தான் மொதலாளி. நின்னு நின்னு பூட்டுது. இத ஏத்தினா இன்னும் கொஞ்ச நேரம் ஓடுது. அந்த நேரமாச்சும் நெல்லுக்குக் காத்து போவுமேன்னு பண்ணேன்."

"கேட்டுக்கினீங்களா சார்? அவன் வாயாலயே சொல்றான். கணக்க முடிச்சிடறேன்."

கன்னியப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவர் செய்தது தவறுதான். அப்படி ஸ்டாரிலேயே இழுத்து ஓட்டினால் மோட்டார் சூடேறும். ஆனால் அது கோளாறு வந்த பிறகு செய்த தவறு. கோளாற்றுக்குக் காரணம் அதுவல்ல. இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. மீட்டர் சொன்னால்தான் ஏறும் என்று டைமரைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டு, ஒயரைத் தொடர்ந்தேன்.

மறுபடி கிளப்பச் சொன்னேன். ஸ்டார் விழுந்ததும் மீட்டரை வைத்தேன். டெல்டா காயிலில் வோல்டேஜ் இல்லை. ஆக, மாற்றப்பட்ட காயில் நிரபராதி. டைமரின் வாயில் வோல்டேஜ் இருந்தது. அதுவும் நிரபராதி. அங்கிருந்து ஒயர் நேராக ஸ்டாரின் அந்தச் சாட்சிக்குப் போகிறது. அதன் ஒரு முனையில் கரண்டு இருந்தது, மறுமுனையில் இல்லை. விழுந்த ஸ்டார் விழவில்லை என்று சாட்சி பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

சப்ளையைத் துண்டித்து, ஃபியூஸை மீண்டும் பைக்குள் போட்டுவிட்டு, டார்ச் அடித்தேன். அது பழைய மாடல், ஆக்ஸிலரி காண்டாக்ட் பக்கவாட்டில் திறந்தே இருக்கும். மூன்று காண்டாக்டர்களின் தலையிலும் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். ஸ்டாரின் சந்தனம் காய்ந்து, காண்டாக்டர் அடிக்கும் அதிர்ச்சியில் வெடித்து, ஒரு மூலை காணாமல் போயிருந்தது. மற்ற இரண்டுக்கும் அருள் மட்டும் கிடைத்திருந்தது. ஸ்டாருக்குப் பிரசாதமும் கிடைத்துவிட்டது.

இடுக்கியால் மெல்ல எடுத்தேன். நகக்கண் அளவு மஞ்சள் செதில், அந்தச் சாட்சியின் இரண்டு வெள்ளிப் புள்ளிகளுக்கு நடுவே அழகாக உட்கார்ந்திருந்தது. அதை ஏகாம்பரத்தின் உள்ளங்கையில் வைத்து, இன்னதென்று பார்க்கச் சொன்னேன்.

அவர் பார்த்தார். முகர்ந்தார்.

"நல்ல சந்தனம் சார் அது," என்றார் கடைசியில். "கட்டைய ஒரசி எடுத்தது."

தரத்தில் குறையில்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன். கரண்டை அவ்வளவு சுத்தமாக நிறுத்தியிருக்கிறதே.

காண்டாக்ட் புள்ளிகளைத் துணி நாடாவால் துடைத்தேன். எமரித் தாள் போடாதீர்கள், வெள்ளிப் பூச்சு போய்விடும். மூன்று தலைகளையும் ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டேன். பிறகு கன்னியப்பனைப் பார்த்தேன். அவர் பொத்தானை அழுத்தினார்.

ஒன்று. இரண்டு. அடுத்த கணமே, பேனல் கதவு அதிர, மூன்று. புளோயர் முழு வேகம் பிடித்து, டிரையரிலிருந்து வெந்த நெல்லின் ஆவி கூரைக்குக் குபுகுபுவென்று எழுந்தது. எத்தனையோ பேனல்களைச் சரிசெய்திருக்கிறேன். அந்த மூன்றாவது சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. இத்தனை வருடமும் பொட்டைக் கதவோடு நிறுத்தினீரே, உள்ளே வைத்தால் இப்படி ஆகும் என்று தெரியுமா என்று கன்னியப்பனிடம் கேட்டேன்.

"அதெல்லாம் இன்னா தெரியும் சார். சாவியத் தேடணும், கதவத் தொறக்கணும், ஒண்ணொண்ணா வெக்கணும். யாரு பண்ணிக்கினு கெடப்பான்?"

அந்த மில்லில் அதுவரை நடந்த தடுப்புப் பராமரிப்பு அவ்வளவுதான். சோம்பேறித்தனம் என்று அதற்குப் பெயர். குறையில்லாமல் வேலை செய்திருக்கிறது.

ஏகாம்பரம் மன்னிப்புக் கேட்கவில்லை. மில் முதலாளிகளின் அகராதியில் அந்தச் சொல் வேறு வடிவில் இருக்கும். துண்டைக் கையில் பிடித்து நின்றவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாஷ்டா துன்னியாடா?" என்றார். பிறகு அவரே ஆள் அனுப்பி மூவருக்கும் இட்லி வரவழைத்தார். கன்னியப்பன் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஏகாம்பரம் சந்தனக் கிண்ணத்தோடு பேனல் முன் வந்து நின்று, கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்தார். கன்னியப்பன் முகவாயால் கதவைக் காட்டினார். முதலாளி கதவில் இரண்டு பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார்.

கோளாறு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மிஷின் நின்றதும் 'யார் கை வைத்தது' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் 'கடைசியாக எது மாறியது' என்று கேளுங்கள். ஏனென்றால் யார் கை வைத்தது என்று கேட்பவர், தன் கையை ஒருநாளும் கணக்கில் சேர்ப்பதில்லை.