கூலி எழுதாத காகிதம்

வெர்னா கெட்லருக்கு யார் பேச்சையும் முழுசாக நம்பிப் பழக்கமில்லை. மிசிசிப்பி ஆற்றின் கரையில் இருநூறு வீடுகள் உள்ள ஹார்லோ பெண்டில் பத்தொன்பது வருடமாக அவள்தான் டவுன் கிளார்க். நாய் லைசென்ஸ், தண்ணீர்க் கட்டணம், கல்லறை இடம் எல்லாம் அவள் மேசைதான். வெள்ள விதிகளும் அதே மேசையில்தான் வந்து விழுந்தன. அதற்காகச் சம்பளம் ஏறவில்லை, வசவு மட்டும் ஏறியது.

விதி இதுதான். ஆறு புகுந்த வீட்டைச் சரிசெய்யும் செலவு வீட்டின் மதிப்பில் பாதியைத் தொட்டால், பழைய உயரத்தில் குடியிருக்கக் கூடாது. தூக்கிக் கட்ட வேண்டும், இல்லையென்றால் இடிக்க வேண்டும். முன்பிருந்த கிளார்க் தயவு தாட்சண்யம் பார்த்து எல்லோரையும் விட்டுவிட்டார். மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. இன்னொரு தரம் இப்படி நடந்தால் ஊரில் ஒருவருக்கும் வெள்ள இன்சூரன்ஸ் கிடையாது. இன்சூரன்ஸ் இல்லாத வீட்டை எந்த மடையன் வாங்குவான்?

இந்த மே மாத வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்காரர்கள் எழுதிய பதினான்கு செலவு மதிப்பீடுகள் வந்தன. ஒன்றுகூடப் பாதியைத் தொடவில்லை. நாற்பத்தேழு சதவீதம், நாற்பத்தொன்பது சதவீதம். ஆறு அளவு பார்த்துக்கொண்டா வீட்டுக்குள் வந்தது? யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து எழுத வைக்கிறார்கள் என்று வெர்னாவுக்குத் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஓரின் டாட்லாக்கின் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்கே போனாள்.

ஓரின் இழுவைப் படகில் நாற்பது வருடம் சமையல் செய்தவர். மனைவி இறந்த பின் தனி ஆள். அவர் வீட்டுக்குள் ஏழெட்டு சர்ச் ஆட்கள் கடப்பாரையோடு நனைந்த சுவர்ப் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாமான் செலவு இருக்கு. கூலி எங்க, ஓரின்?"

"கூலியா? இவங்க கன்சாஸ்லேருந்து சர்ச் வேன்ல வந்தவங்கம்மா. மத்தியானம் ஹாம் சாண்ட்விச் குடுத்தேன், அதையும் எழுதணுமா?"

வெர்னாவுக்கு அப்போதுதான் விளங்கியது. யாரும் ஏய்க்கவில்லை. வெள்ளம் வந்தால் சர்ச் ஆட்கள் வந்து சும்மா வேலை செய்வது இந்தக் கரையின் வழக்கம். சும்மா நடந்த வேலைக்கு எவரும் கூலி எழுதுவதில்லை. ஆனால் விதி அதை ஒப்புக்கொள்ளாது. இனாமாகச் செய்தாலும் ஊர்க் கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"கூலியையும் சேத்தா அம்பத்தெட்டு சதவீதம் வருது. வீட்ட தூக்கித்தான் ஆகணும்."

ஓரின் கையிலிருந்த காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லது செய்ய வந்தவங்கள வச்சே என்னை வெளிய தள்ளுறியா?"

"தள்ளல. பாதிக்கு மேல போனாத்தான் வீட்ட தூக்க இன்சூரன்ஸ்ல தனியா முப்பதாயிரம் டாலர் வரைக்கும் வரும். நாப்பத்தேழுன்னு எழுதினா அதுல ஒரு சல்லியும் வராது. அடுத்த வெள்ளத்துல மறுபடி முங்குவீங்க."

"அவ்வளவு நல்ல காசுன்னா இத்தனை வருஷமா ஒருத்தனும் ஏன் வாய் தொறக்கல?" என்றவர், அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் வீட்டுக்குள்ளயும்தான் தண்ணி வந்துச்சு. உன் புருஷனும் அவன் தம்பிங்களும்தான் சுவரு போட்டாங்க, பார்த்தேன். அதுக்கு என்ன கூலி எழுதின?"

வெர்னா காகிதத்தை மடித்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆபீசுக்கு வந்து தன் வீட்டுக் காகிதத்தை உருவினாள். கணவன் எழுதியது, அவள் பார்க்காமலே முத்திரை குத்தியது. நாற்பத்துநான்கு. கூலி எழுதும் இடம் வெள்ளையாக இருந்தது. ஊரையே சந்தேகப்பட்டவளுக்குத் தன் வீட்டைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அவமானமாக இருந்தது. கூலியைச் சேர்த்தாள், ஐம்பத்துமூன்று. கணவனுக்குப் போன் செய்து, நம் வீட்டையும் தூக்க வேண்டும் என்று சொன்னாள்.

மற்றவர்களின் காகிதங்களிலும் கூலியைச் சேர்த்துக் கணக்குப் போட்டாள். மறுநாள் காலை, பாதியைத் தாண்டிய வீடுகளின் பட்டியலை ஆபீஸ் வாசலில் ஒட்டினாள். முதல் பெயர் கெட்லர். ஓரின் கண்ணாடியை மூக்கில் ஏற்றி இரண்டு தரம் படித்துவிட்டு உள்ளே வந்தார்.

"உன் பேரையே போட்டிருக்கியே. வீடு தூக்குற கம்பெனிக்காரன் உனக்கு எவ்வளவு தர்றான்?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் அவள் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாள். வீடு தூக்கும் பணத்துக்கான விண்ணப்பங்கள் இரண்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"முதல்ல நீ கையெழுத்துப் போடு. நான் பார்க்கணும்" என்றார் ஓரின்.

அவர் பார்க்கவே வெர்னா தன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாள். இரண்டு காகிதங்களையும் அவர் வரிக்கு வரி ஒப்பிட்டுப் படித்தார். அரை மணி நேரம் ஆனது. அவள் பேனாவை நீட்டினாள்.

ஓரின் அதை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.