கொசுவின் முன்கை

"முஷ்டிய மூடுங்கண்ணே. வீட்ல யாரு மேல கோவமோ அவங்கள நெனச்சுக்குங்க" என்கிறான் கொசு. நாற்காலியில் இருப்பவர் வாசலில் நிற்கும் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். சிரிப்பு அடங்குவதற்குள் குழாயில் ரத்தம் நிறைந்துவிடுகிறது. "அவ்ளோதான். இப்ப விரல விரிங்க, அவங்கள மன்னிச்சு விட்ருங்க."

குத்தியது தெரியாமல் ரத்தம் எடுப்பதால் நோயாளிகள் வைத்த பெயர் அது. ஊசியைத் தொடுமுன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு கையுறை மாட்டுவான். நரம்பைக் கண்ணால் தேடமாட்டான், விரலால் தடவியே பிடித்துவிடுவான். ஆள் ஒல்லி. சட்டைக் கை எப்போதும் முழங்கைக்கு மேல் மடிந்திருக்கும். வயது இருபத்தெட்டு. எனக்கும் அதே வயதுதான்.

அவன் படிப்பு பன்னிரண்டாம் வகுப்பும் ஓராண்டுச் சான்றிதழும். நான் உயிர்வேதியியலில் முதுகலை. என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவன் கீழே எடுத்து அனுப்பும் ரத்தத்தை எங்கள் மருத்துவமனையின் மாடி ஆய்வகத்தில் சோதித்து அறிக்கையில் கையெழுத்துப் போடுவது நான். அந்தக் கையெழுத்து யாருடையது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கொசுவுக்காகவோ, பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும் அரைமணி நேரம் காத்திருக்கிறார்கள். கூட்டமான ஒரு நாள் உதவலாமே என்று நானே கீழே இறங்கினேன். ஓர் அம்மாள் நீட்டிய கையை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நீங்க இருங்க தம்பி, கொசு வரட்டும்." வயிறு எரிந்தது. இப்போதும் நினைத்தால் எரிகிறது.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. திரும்பத் திரும்ப வரும் நோயாளிகளிடம் "போன தடவ எவ்ளோ?" என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பழைய அளவைச் சோதனைச் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி அனுப்புவான். எனக்கு அது பிடிக்கவில்லை. சீட்டில் வேறு எதுவும் எழுதக்கூடாது என்பது விதி. மேற்பார்வையாளரிடம் சொன்னேன். விதிக்காக மட்டும்தான் சொன்னேன் என்று இங்கே எழுதினால் அது பொய். மறுநாளே தடை வந்தது. அன்று முதல் கொசு தன் இடது முன்கையில், உறை முடியும் இடத்துக்கு மேலே, பேனாவால் எழுதிக்கொள்ளத் தொடங்கினான்.

பெருங்குடலில் புற்றுநோய் வந்து அறுவை செய்துகொண்டவர்களின் ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற புரதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்போம். நோய் திரும்பினால், எல்லாருக்கும் இல்லாவிட்டாலும், பலருக்கு அது ஏறும். எங்கள் அறிக்கையில் ஐந்துக்குக் கீழே இருந்தால் 'இயல்பு' என்று தானாகவே அச்சாகிவிடும்.

அப்படி வருகிறவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். அன்று அவருடைய அளவு 3.7. இயல்பு. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது கொசு மாடிக்கு வந்து, டிரைவர் அண்ணனுக்கு எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன். முன்கையைத் திருப்பிக் காட்டினான். கீழே அவரிடம் கேட்டு எழுதியவை, ஒன்றின் கீழ் ஒன்றாக 1.6, 2.4.

ஐந்துவரை பயமில்லை என்று பாடம் நடத்தும் குரலில் சொன்னேன்.

"அஞ்சு ஊருக்கு, பட்டதாரி சார். இவருக்கு ஒண்ணரதானே?"

விடக்கூடாது என்று, புகைபிடித்தாலும் இது ஏறும், உனக்குத் தெரியுமா என்று மடக்கினேன்.

"பிடிக்கல. விரல மோந்து பாத்துட்டுத்தான் மேல வந்தேன்."

பழைய அளவுகள் என் கணினியிலும் இருந்தன. தேடினால் ஒரு நொடியில் வந்திருக்கும். நான் தேடியதில்லை. அவன் இறங்கிப் போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அதே ரத்தத்தை மறுபடி ஓட்டினேன். 3.8. அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து மூன்று எண்களையும் வரிசையாகப் படித்தேன். "உடனே ஸ்கேனுக்கு அனுப்புங்க" என்றார். கல்லீரலில் ஒரே ஒரு புள்ளி. எடுத்துவிடக்கூடிய அளவில் இருந்ததால் அடுத்த வாரமே எடுத்துவிட்டார்கள்.

வீடு திரும்பும் நாளில் டிரைவரின் மனைவி நேராகக் கொசுவின் நாற்காலிக்குப் போய் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். அவனாவது கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டிருக்கலாம். ஒரு மாதம் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அவனோ, "நா வெறும் எடுபிடிதான் அக்கா. கண்டுபிடிச்சது அதோ நிக்கிறாரே, எங்க சார்" என்று தாடையால் என்னைக் காட்டிவிட்டான். அந்த அம்மாள் திரும்பி என்னைக் கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிட எனக்குக் கை எழவில்லை.

மூன்று மாதம் கழித்து டிரைவர் வந்தார். இந்த முறை குழாய் மாடிக்கு வருமுன்பே அவருடைய பழைய அளவுகளை எடுத்துத் திரையில் வைத்திருந்தேன். புதிய எண் வந்தபோது கொசு ஆய்வக ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். 1.5 என்றேன். அவன் கையுறையைக் கழற்றினான். தன்னிடம் நோயாளிகள் நீட்டுவதுபோலவே இடது கையை ஜன்னல் வழியாக நீட்டி, முஷ்டியை இறுக மூடிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். என் சட்டைப் பையில் இருந்த கையெழுத்துப் பேனாவை எடுத்தேன். முன்கையில் அந்த எண்ணை எழுதி முடிக்கும்வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முடித்ததும், யாரும் சொல்லாமலே, விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான்.