எல்லாமே பார்ப்பதுதான்

வீட்டுக்கு ஒரு செல்போன் என்றிருந்த காலம். நான் ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பிழையில்லாமல் ஆங்கிலம் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்பினேன்.

அம்மாவின் தங்கையான சித்தி நர்ஸ். சித்தப்பா இறந்தபின் இரண்டு வயது மகனோடு கடலூரில் எங்களுடன் இருந்தாள். அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணல் போனிலேயே நடக்கும். அதற்கு அவளைத் தயார்செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

தமிழில் டிவி பார்க்கிறோம், மணி பார்க்கிறோம், நோயாளியையும் பார்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அது செல்லாது. சித்தியோ எல்லாவற்றுக்கும் 'சீ' என்றே சொன்னாள்.

"பேஷண்டப் போயி சீங்கிறியேம்மா" என்று அப்பா சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. கண்ணில் தானாகப் பட்டால் சீ, நாமாகத் திரும்பிப் பார்த்தால் லுக், நடப்பதை விடாமல் பார்த்தால் வாட்ச், கவனித்துக்கொண்டால் லுக் ஆஃப்டர் என்று எங்கள் மிஸ்ஸின் குரலிலேயே ஒப்பிக்க வைத்தேன்.

மாலையில் வரவேண்டிய அழைப்பு காலையிலேயே வந்துவிட்டது. சித்தி படித்த கல்லூரியில் ஒரு சான்றிதழ் வாங்குவதற்காக அவளும் அம்மாவும் தம்பியும் நானும் சிதம்பரம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். ஆலப்பாக்கம் தாண்டியிருந்தது. ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. சித்தி போனைக் கையால் பொத்திக்கொண்டு கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பாட்டக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. வெளிநாட்டு வேலைக்குப் பேசுறாங்க."

கண்டக்டர் அதோடு விடவில்லை. "யாரும் பேசாதீங்க, இவுங்க இன்டர்வியூல இருக்காங்க" என்று மொத்த பஸ்ஸையும் அடக்கினார். எதிர் சீட்டு மீன்காரம்மா வெற்றிலை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டார். போனுக்கு மறுபுறம் என் காதை ஒட்டிக்கொண்டேன்.

ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்கக் கேட்க, சித்தி தடுமாறாமல் சொன்னாள். லுக் ஆஃப்டர் சரியாக வந்தது. வாட்ச்கூடச் சரியான இடத்தில் விழுந்தது. நான் சீட்டிலேயே ஒரு குதி குதித்தேன்.

கடைசியாக அந்தப் பெண், உங்கள் மகனை இங்கே கூட்டிவர முடியாதே, யார் கவனித்துக்கொள்வார்கள் என்று கேட்டாள்.

சித்தி, அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியையே பார்த்தாள். இத்தனை பயிற்சி கொடுத்தும் மறந்துவிட்டாளே என்று எனக்குப் பதறியது. அவள் தோளைத் தட்டி, "லுக் ஆஃப்டர் சித்தி, லுக் ஆஃப்டர்" என்று கிசுகிசுத்தேன்.

"மை சிஸ்டர் வில் லுக் ஆஃப்டர் ஹிம்" என்றாள் சித்தி, மெதுவாக.

ஒரு பிழை இல்லை. விசா வேலையைத் தொடங்கலாம் என்று அந்தப் பெண் சொன்னதும், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு பஸ் கைதட்டியது. மீன்காரம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். பாட்டு மறுபடி தொடங்கியது. சித்தி மட்டும் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சிதம்பரம் வரும்வரை நிமிரவேயில்லை.

"ஏன் பாப்பா, அழுவுறாங்களா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"சந்தோஷத்துல அழுவுறாங்க அங்கிள்" என்று நான்தான் விளக்கம் சொன்னேன்.