அடுக்களைக்குப் பின்னால் ஒரு பலகை

எங்க வீட்டுக்காரரைப் பத்தி யாராவது கேட்டா முதல்ல எனக்குச் சிரிப்புதான் வரும். அப்புறம்தான் மத்ததெல்லாம். மனுஷன் போய் ரெண்டு வருஷம் ஆகுது.

விடுமுறைக்கு வர்றவங்க டென்ட் போட்டுத் தங்குற கேம்ப்ல அவர் காவல்காரர், நான் சமையல். நாப்பது டென்ட் போடுற இடம். இவர் வந்ததும் முப்பத்தாறு ஆச்சு. மீதியைப் பட்டாம்பூச்சிக்குக் குடுத்துட்டார்! புல் வெட்டச் சொன்னா ஓரமெல்லாம் இடுப்பு உயரத்துக்கு விட்டுவைப்பார். வெளிச்சத்துல பூச்சி விழுந்து சாகுதுன்னு விளக்கையெல்லாம் மங்கலாக்கிட்டார். கல் தடுக்கி விழுந்தவங்க என்கிட்ட வந்து கத்துவாங்க.

"பூச்சி மேல இருக்கிற அக்கறை பொண்டாட்டி மேல இருக்கா?"ன்னு கேப்பேன்.

"உனக்கு வாய் இருக்கு, வேணுங்கிறதைக் கேட்டு வாங்கிக்குவே. அதுங்களுக்கு யார் இருக்கா?"ம்பார்.

மூலைக்கு மூலை கட்டையும் சருகுமா குவிச்சு வெச்சிருப்பார். உள்ள முள்ளெலி, தேரை, அரணைன்னு பெரிய குடித்தனமே நடக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பலகை: ‘தொடாதீங்க. உள்ள ஆள் இருக்கு.’ படிச்சுட்டு எல்லாரும் சிரிப்பாங்க. தீ மூட்டறதுக்குன்னே அடுக்கின கட்டையா இருந்தாலும், ஒவ்வொண்ணா எடுத்து வேற இடத்துல அடுக்கி, அடியில யாரும் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் தீக்குச்சியைக் கிழிக்கணும். அரைமணி நேரம் போயிடும். நான் தலையில அடிச்சுக்குவேன்.

அடுக்களைக்குப் பின்னால இருந்த குவியலுக்கு மட்டும் பலகை வைக்கலை. ஏன்னு கேட்டேன்.

"நீ இருக்கியே, பலகை எதுக்கு?"ன்னார்.

அந்தக் குவியல்லதான் ஒரு முள்ளெலி மூணு குட்டி போட்டிருந்துச்சு. என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். கண்ணுகூடத் திறக்கலை. அதுக்கப்புறம் தினமும் சாப்பிட உக்காரும்போது முதல் பேச்சே அதுங்களைப் பத்தித்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதையும் சொல்லிடறேன்.

ஒருநாள் இவர் ஆணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மத்தியானம் கொட்டு கொட்டுன்னு மழை. ரெண்டு டென்ட் சரிஞ்சு, ஒரு குடும்பமே தொப்பலா நனைஞ்சு அடுக்களை வாசல்ல வந்து நின்னுச்சு. மழை விட்டும் சின்னக் குழந்தைக்கு உதடு நீலம் பாரிச்சுப் போச்சு. கேம்ப் முழுக்க ஈரக் கட்டை. தார்ப்பாய் போட்டிருந்ததால பின்னால இருந்த குவியல் மட்டும்தான் காய்ஞ்சு கிடந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் தாய் முள்ளெலி வேலியோரம் ஓடினதைப் பார்த்திருந்தேன். சரி, குட்டிங்களோட இடம் மாறிடுச்சுன்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன்.

பாவி நான், ஒரு கட்டையைக்கூட நகர்த்திப் பார்க்கலை. அடுக்கினது அடுக்கினபடி இருக்க, மண்ணெண்ணெயை ஊத்தினது இந்தக் கைதான்.

குழந்தை பிழைச்சுக்கிச்சு. அதுல எனக்கு வருத்தம் இல்லை. ஆனா அரைமணி பொறுத்திருந்தா என்ன? போர்வை இருந்துச்சு, அடுப்புல வெந்நீர் இருந்துச்சு.

அவர் வரும்போது தீ அடங்கியிருந்துச்சு. புகையைப் பார்த்ததும் ஆணிப் பொட்டலத்தைக் கீழ போட்டுட்டு ஓடி வந்தார்.

"எடுத்து அடுக்கிப் பார்த்தியா?"

"இல்லைங்க."

குச்சியால சாம்பலைக் கிளறினார். மூணும் அங்கயேதான் இருந்துச்சு. பொழுது சாயற நேரத்துல தாய் வந்து சாம்பலைச் சுத்திச் சுத்தி மோந்து பார்த்துச்சு. மறுநாளும் வந்துச்சு. இவர் ஒரு தட்டுல தண்ணி வெச்சுட்டுத் தள்ளி உக்காந்திருந்தார். அது குடிக்கலை.

என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நானும் நாலு பேசி, அழுது, ஆறிப் போயிருப்பேன். வழக்கம்போல சாப்பிட்டார், உப்பு கம்மின்னு சொன்னார்.

மூணாம் நாள் காலையில பின்னால சுத்தியல் சத்தம் கேட்டுது. கதவைத் திறந்து பார்த்தேன். அதே இடத்துல புதுசா ஒரு குவியல், பக்கத்துல பலகை: ‘தொடாதீங்க. உள்ள ஆள் இருக்கு.’ அடுக்களையோட பின்கதவைப் பார்த்து நட்டிருந்தார். தங்க வர்றவங்க யாரும் அந்தப் பக்கம் வரமாட்டாங்க. அந்தக் கதவைத் திறக்கிறது நான் ஒருத்திதான்.

அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். சிரிச்சோம், சண்டை போட்டோம், எல்லாம்தான். அந்தப் பலகையை எடுத்துடுங்கன்னு மட்டும் என்னால கேக்கவே முடியலை.